அமெரிக்க ஆங்கிலத்தில் வடக்கும் தெற்கும்: உச்சரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்லாண்டா, டாலஸ், சார்லட் அலுவலகங்களோடு தினமும் தொலைபேசியில் பேசுபவர்கள், அங்கே குடியேறியவர்கள், மொழியியல் படிக்கிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதிய பக்கம் இது. ஆங்கிலச் சொற்களை, காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தமிழ் எழுத்தில் ஒன்றுபோலத் தோன்றும் சொற்களுக்குப் பக்கத்திலேயே பொருளும் இருக்கும்.

வடக்கையும் தெற்கையும் பிரிக்கும் கோடு எங்கே ஓடுகிறது?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பலரும் முதலில் சொல்வது மேசன்–டிக்சன் கோடு. சார்லஸ் மேசனும் ஜெரமையா டிக்சனும் 1763 முதல் 1767 வரை அளந்த எல்லை அது. பென்சில்வேனியாவுக்கும் மேரிலாந்துக்கும் இருந்த நிலத் தகராறைத் தீர்ப்பதற்காக அளந்தார்கள். அடிமை முறை இருந்த மாநிலங்களுக்கும் இல்லாத மாநிலங்களுக்கும் இடையிலான எல்லை என்ற பொருள் பிறகுதான் அதன்மேல் ஏறியது. உச்சரிப்பைப் பொறுத்தவரை அந்தக் கோடு அவ்வளவாக உதவாது. பால்டிமோர் கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது, ஆனால் அதன் பேச்சு வடக்கே இருக்கும் பிலடெல்பியாவுக்குத்தான் உறவு.

உள்நாட்டுப் போரையொட்டி 1860–61இல் பிரிந்துபோன மாநிலங்கள் 11. இன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையோ 16 மாநிலங்களையும் தலைநகர் வாஷிங்டனையும் தெற்கு என்று எண்ணுகிறது, டெலவேரும் மேரிலாந்தும் அதில் அடக்கம். மொழியியலாளர்கள் போடும் கோடு வேறு. வில்லியம் லபோவ், ஷாரன் ஆஷ், சார்லஸ் போபர்க் மூவரும் 2006இல் வெளியிட்ட வட அமெரிக்க ஆங்கில வரைபடத் தொகுதி, 'ஐ' என்ற ஒலி 'ஆ' என்று தேய்கிற இடங்களைக் கொண்டு தெற்கை வரையறுக்கிறது. அப்படிப் பார்த்தால் கென்டக்கி, டென்னசி, அலபாமா, மிசிசிப்பி, டெக்சாஸின் பெரும்பகுதி எல்லாம் உள்ளே வரும். மயாமி வராது. புளோரிடாவில் வடக்கே போகப் போகத்தான் தெற்கு வரும் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வதுண்டு, அது சரியான பேச்சு.

மாநில எல்லையை நம்பி உச்சரிப்பை ஊகிக்காதீர்கள். ஒஹையோ ஒரே மாநிலம். ஆனால் வடக்கில் கிளீவ்லாந்து ஏரிக்கரைப் பேச்சையும், நடுவில் கொலம்பஸ் இடைநிலப் பேச்சையும் (வடக்குக்கும் தெற்குக்கும் நடுப்பட்டையின் பேச்சு) பேசுகின்றன, தென்கோடி மலையடிவாரத்தில் தெற்கின் சாயல் இருக்கிறது. இல்லினாயும் அப்படியே.

இந்த வேறுபாடுகள் எப்படி உண்டாயின? வெயிலும் குளிரும் காரணமா?

தட்பவெப்பம் அல்ல, குடியேறிய வழிதான் காரணம். மொழியியலாளர் ஹான்ஸ் குராத் 1949இல் கிழக்கு அமெரிக்கச் சொற்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது வடக்கு, தெற்கு என்று இரண்டு பட்டைகளுக்குப் பதில் மூன்று பட்டைகள் கிடைத்தன: வடக்கு, இடைநிலம், தெற்கு. நாட்டின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தில் இருந்தவர்கள் மேற்கே நகர்ந்து பேரேரிகளின் கரையை நிறைத்தார்கள். பிலடெல்பியா துறைமுகத்தில் இறங்கிய அல்ஸ்டர் ஸ்காட்லாந்துக் குடும்பங்களும் ஜெர்மானியரும் பென்சில்வேனியாவைத் தாண்டி, ஷெனண்டோவா பள்ளத்தாக்கு வழியாக அப்பலாச்சிய மலைகளுக்குள் இறங்கினார்கள். கடற்கரைத் தெற்கில் தோட்ட முதலாளிகளும், அவர்கள் அடிமைகளாக வைத்திருந்த ஆப்பிரிக்க மக்களும் இருந்தார்கள். மூன்று மக்கள் திரளும் மேற்கு நோக்கி மூன்று பாதைகளில் போனதால்தான் வட்டார வழக்கின் கோடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன.

மலைத் தெற்கையும் கடற்கரைத் தெற்கையும் ஒன்றாக நினைப்பவர்கள் தவறுவது இங்கேதான்.

தெற்கு உச்சரிப்பை அடையாளம் காண முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

'ஐ' ஒலியை. தமிழ் படித்தவருக்கு இது எளிது, ஏனென்றால் அகரமும் இகரமும் சேர்ந்ததே ஐகாரம் என்று பள்ளியிலேயே கேட்டிருப்போம். தெற்கத்தியர் பேச்சில் அந்த இகரப் பாதி உதிர்ந்துவிடுகிறது. 'டைம்' என்பது 'டாம்' என்றும், 'மை' என்பது 'மா' என்றும், 'நைன்' என்பது 'நான்' என்றும், 'ஃபைவ்' என்பது 'ஃபாவ்' என்றும் விழும்.

இதற்கு ஒரு விதி உண்டு. சொல்லின் இறுதியிலும், குரல் அதிரும் மெய்களுக்கு முன்பும் தெற்கில் பெரும்பாலோர் தேய்ப்பார்கள். குரல் அதிராத மெய்களுக்கு முன்பு எல்லோரும் தேய்ப்பதில்லை. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்', சோறு என்னும் 'ரைஸ்', இரவு என்னும் 'நைட்' ஆகியவை கடற்கரைத் தெற்கில் ஐகாரத்தோடே நிற்கும். அதே ஆள் கத்தியைப் பன்மையில் சொன்னால் 'நாவ்ஸ்' என்பார். ஒருவர் 'நாஃப்', 'ராஸ்' என்று இங்கும் தேய்த்தால், அவர் அப்பலாச்சிய மலைப்பகுதி அல்லது டெக்சாஸ் பக்கத்தவராக இருக்க வாய்ப்பு மிகுதி. தெற்குக்குள்ளேயே இது ஊரையும் வர்க்கத்தையும் காட்டும் நுட்பமான அடையாளம். நகரத்துப் படித்த குடும்பங்கள் 'டாம்' என்று கூசாமல் சொல்வார்கள், 'ராஸ்' என்று சொல்லத் தயங்குவார்கள்.

'ஐ' தேய்ந்ததும் பக்கத்து ஒலிகள் இடம் மாறுகின்றன. 'டே' என்பது 'டை'யை நோக்கிச் சாயும். எட்டு என்னும் 'எய்ட்' கிட்டத்தட்ட 'ஐட்' ஆகும். இந்தத் தொடர் மாற்றம் அலபாமா, டென்னசி உட்பகுதிகளில் மிகத் தெளிவாகக் கேட்கும். குறில்கள் நீண்டு இரண்டாகப் பிளப்பதும் உண்டு: படுக்கையைக் குறிக்கும் 'பெட்' 'பேயட்' ஆகிறது. தெற்கத்தியர் மெதுவாகப் பேசுகிறார்கள் என்று சொல்வதற்கு இந்த நீட்டம்தான் காரணம். ஒட்டுமொத்தப் பேச்சு வேகம் அவ்வளவு குறையாது, அழுத்தம் விழும் உயிரொலி மட்டும் நீளும்.

'பின்' கேட்டேன், 'பென்' கொடுத்தார். ஏன்?

தெற்கில் 'ம்', 'ன்' ஒலிகளுக்கு முன்னால் வரும் எகரம் இகரமாகிவிடும். 'பென்', 'பின்' இரண்டும் 'பின்'. 'டென்', 'டின்' இரண்டும் 'டின்'. 'ஹெம்', 'ஹிம்' இரண்டும் 'ஹிம்'. வேறு மெய்களுக்கு முன்னால் இது நடக்காது: 'பெட்', 'பிட்' தனித்தனியாகவே இருக்கும். குழப்பம் தீர, எழுதுகிற பேனாவை 'இங்க் பென்' என்றே அங்கே பலர் சொல்கிறார்கள்.

பேச்சுத் தமிழில் நாம் 'இடம்' என்பதை 'எடம்' என்றும், 'இலை' என்பதை 'எல' என்றும் சொல்கிறோமே, அது நேர் எதிர்த்திசை. நமக்கு அடுத்து வரும் உயிர் இழுக்கிறது, அவர்களுக்கு அடுத்து வரும் மூக்கொலி இழுக்கிறது.

தொலைபேசியில் மின்னஞ்சல் முகவரி வாங்கும்போது இது பெரிய தொல்லை. 'எம்', 'என்' என்ற எழுத்துகளின் பெயரே 'இம்', 'இன்' என்று வரும், மோசமான இணைப்பில் இரண்டும் ஒன்றுதான். 'மேரியில் வருகிற எழுத்தா, நான்சியில் வருகிற எழுத்தா' என்று கேட்டுவிடுங்கள். எண்களிலும் 'ஃபாவ்', 'நான்' இரண்டிலும் நடுவில் ஒரே 'ஆ' நிற்பதால் 5, 9 மாறும். மொத்த எண்ணையும் ஒரே மூச்சில் திருப்பிச் சொல்லாமல் மூன்று மூன்று இலக்கமாகச் சொல்லிச் சரிபார்த்தால் தவறு எங்கே என்று உடனே பிடிபடும்.

'ஆர்' ஒலியை விழுங்குவது தெற்கா, வடக்கா?

இரண்டும்தான், அதனால்தான் இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பாஸ்டனில் 'கார்' என்பது 'கா'. பழைய நியூயார்க்கிலும் அப்படியே. பழைய தோட்டத் தெற்கில், அதாவது வர்ஜீனியா தாழ்நிலத்திலிருந்து ஜார்ஜியா, அலபாமா வரை, மேல்தட்டுப் பேச்சில் 'ஆர்' விழுந்தது. இங்கிலாந்தோடு வணிகத் தொடர்பு மிகுந்த துறைமுகங்களும் அவற்றின் பின்னிலங்களும் லண்டன் நாகரிகத்தைப் பின்பற்றியதே இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பிலடெல்பியா மட்டும் 'ஆர்' ஒலியை விடவில்லை. மலைத் தெற்கும் விட்டதே இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாடு முழுவதும் மதிப்பு தலைகீழானது. 'ஆர்' சொல்வதே படித்தவரின் அடையாளம் ஆயிற்று. இந்த மாற்றத்தை லபோவ் 1962இல் நியூயார்க்கின் மூன்று பல்பொருள் கடைகளில் பிடித்தார். நான்காம் மாடியில் இருக்கும் ஒரு பொருளை எங்கே என்று கேட்டு, ஊழியர்களை 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று சொல்ல வைத்தார். பிறகு காது கேட்காதவர்போல் மறுபடி கேட்டு இன்னொரு முறையும் சொல்ல வைத்தார். விலையுயர்ந்த சாக்ஸ் கடையில் 62 விழுக்காட்டினர் ஓரிடத்திலாவது 'ஆர்' ஒலித்தார்கள். நடுத்தரமான மேசிஸில் 51, மலிவான எஸ். கிளைனில் 20. ஒரே நகரம், ஒரே சொல். இதைவிட எளிமையான, இதைவிட அழகான களஆய்வு மொழியியலில் குறைவு.

இன்று இளைய வெள்ளைத் தெற்கத்தியர் கிட்டத்தட்ட எல்லோரும் 'ஆர்' ஒலிக்கிறார்கள். திரைப்படத்தில் தெற்கத்தியராக நடிப்பவர் இன்றைய கதையில் 'ஆர்' விழுங்கினால், தாத்தா காலத்துப் பேச்சைப் பேசுகிறார் என்று பொருள்.

பாஸ்டனுக்கு இன்னொரு குணம் உண்டு: இல்லாத இடத்தில் 'ஆர்' சேர்ப்பது. 1962 ஏவுகணை நெருக்கடியின்போது, அந்தப் பக்கத்தவரான அதிபர் கென்னடி 'கியூபா'வைக் 'கியூபர்' என்று சொன்னது இதனால்தான்.

வடக்கில் எல்லோரும் ஒரே மாதிரிதானே பேசுகிறார்கள்?

இல்லவே இல்லை. தெற்கைவிட வடக்கில்தான் நகரத்துக்கு நகரம் வேறுபாடு அதிகம்.

பஃபலோ, ராச்செஸ்டர், கிளீவ்லாந்து, டெட்ராய்ட், சிகாகோ, மில்வாக்கி ஆகிய ஏரிக்கரை நகரங்களில் இருபதாம் நூற்றாண்டில் ஒரு தொடர் மாற்றம் நடந்தது. பூனை என்னும் 'கேட்' 'கீயட்' ஆனது. அது காலி செய்த இடத்துக்கு அடுத்த ஒலி நகர்ந்ததால், தெருப்பகுதி என்னும் 'ப்ளாக்' மற்ற ஊர்க்காரர் காதுக்குக் கறுப்பு நிறத்தின் பெயராகக் கேட்டது. 'பஸ்' முதலாளியைக் குறிக்கும் 'பாஸ்' போல ஆனது. ஒரு நாற்காலி காலியானால் வரிசையே நகர்வது போன்ற சங்கிலி இது. இதன் வேர் 1825இல் திறக்கப்பட்ட ஈரி கால்வாயில் இருக்கிறது என்பது லபோவின் கருத்து. 363 மைல் நீளமுள்ள அந்தக் கால்வாய் பல ஊர்க்காரர்களை ஓரிடத்தில் கலந்துவிட்டது.

பிலடெல்பியாவில் தண்ணீர் 'வுடர்'. பிட்ஸ்பர்கில் வீடு 'ஹாஸ்', நகர மையம் 'டான்டான்'. அங்கே 'ஔ' தேய்கிறது, தெற்கின் ஐகாரத் தேய்வுக்குத் தம்பிபோல. நியூயார்க்கில் காபி 'கோஃபி'க்கு அருகில் போகும். மினசோட்டாவில் 'கோட்', 'போட்' முதலியவற்றின் ஓகாரம் வளையாமல் நம் ஓகாரம்போல நேராக நிற்கும், தமிழர் காதுக்கு மிக எளிதான அமெரிக்க ஒலி அதுவாக இருக்கலாம்.

தெற்கிலும் உட்பிரிவுகள் உண்டா?

உண்டு. நியூ ஆர்லியன்ஸின் உழைப்பாளர் குடியிருப்புப் பேச்சைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் புரூக்ளின் என்று நினைப்பீர்கள். இரண்டும் ஐரிஷ், இத்தாலியக் குடியேறிகள் நிறைந்த துறைமுகங்கள். வட கரோலினாவின் ஒக்ரகோக் தீவில் 'ஹை டைட்' என்னும் ஓதத்தை 'ஹொய் டொய்ட்' என்பார்கள். அங்கே ஐகாரம் தேயாமல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. தென் கரோலினா, ஜார்ஜியா கடல்தீவுகளில் பேசப்படும் கல்லா ஒரு கிரியோல் மொழி, அதாவது பல மொழிகள் கலந்து பிறந்த தனி மொழி. அதை உச்சரிப்பு வேறுபாடு என்று சொல்வது அந்த மொழிக்கு இழைக்கும் அநீதி.

கறுப்பின அமெரிக்கரின் பேச்சைத் தெற்குப் பேச்சு என்று சொல்லலாமா?

வேர் தெற்குதான், ஆனால் ஆட்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். சிகாகோவிலும் டெட்ராய்டிலும் வீட்டு வசதியில் நிலவிய இனப் பாகுபாடு அவர்களைத் தனிப் பகுதிகளில் அடைத்தது. பக்கத்துத் தெரு வெள்ளையர் 'கீயட்' என்று மாறியபோதும் இவர்கள் 'டாம்', 'பின்' என்பதைக் காத்தார்கள். தெற்கில் வட்டார அடையாளமாக இருந்த ஒலி, வடக்கில் இன அடையாளமாகப் படிக்கப்பட்டது. குரலை மட்டும் கேட்டு வீடு வாடகைக்கு இல்லை என்று சொல்வதை ஜான் பாவும் அவருடைய குழுவினரும் 1999இல் தொலைபேசிச் சோதனை மூலம் வெளியிட்டார்கள். ஒரே ஆள் மூன்று உச்சரிப்புகளில் பேசிக் கேட்டபோது மூன்று விதமான பதில் கிடைத்தது.

இதில் அந்த வழக்குக்கே உரிய இலக்கணமும் உண்டு. வினைக்கு முன் வரும் மாறாத 'பி' வழக்கமாக நடப்பதைக் குறிக்கும், இப்போது நடப்பதைக் குறிக்காது. இதைத் தவறான ஆங்கிலம் என்று திருத்துபவர் அந்தப் பொருள் வேறுபாட்டைத் தவறவிடுகிறார்.

'நீங்கள் எல்லோரும்' என்பதற்குத் தெற்கில் சொல்லும் 'யால்' என்பதை மரியாதைக்குச் சொல்லலாமா?

கூடாது. தமிழர் அதிகம் செய்யும் பிழை இது. நம் 'நீங்கள்' பன்மையும் ஆகும், மரியாதையும் ஆகும். 'யால்' பன்மை மட்டுமே. மூத்த மேலாளர் ஒருவரிடம் தனியாக 'யால்' என்றால் மரியாதை கூடிவிடாது, 'உங்கள் ஆட்களும் நீங்களும்' என்று பொருள்படும். கடைக்காரரிடம் ஒருவர் 'யால் இன்று திறந்திருக்கிறீர்களா' என்று கேட்டால் அவர் கேட்பது கடையைப் பற்றி.

தெற்கில் மரியாதை வேறு இடத்தில் இருக்கிறது: 'யெஸ் மேம்', 'யெஸ் சார்', பெயருக்கு முன் 'மிஸ்' சேர்த்து முதற்பெயரால் அழைப்பது. பிள்ளைகளுக்கு இதைப் பழக்குவது அங்கே வளர்ப்பின் அடையாளம். இதே 'மேம்' வடக்கே பல இடங்களில் 'எனக்கு வயதாகிவிட்டது என்கிறாயா' என்ற முகச்சுளிப்பை வாங்கித் தரும். பன்மைக்கு வடக்கே 'யூ கைஸ்', பிலடெல்பியா, நியூயார்க் பழைய குடியிருப்புகளில் 'யூஸ்', பிட்ஸ்பர்கில் 'யின்ஸ்'. இப்போது 'யால்' தெற்குக்கு வெளியேயும் இளைஞர்களிடம் வேகமாகப் பரவுகிறது. ஆகவே அது கேட்டவுடன் தெற்கு என்று முடிவு கட்ட முடியாது.

அலுவலகப் பேச்சில் பொருள் மாறிப் புரிந்துகொள்ளும் சொற்கள் எவை?

மிகப் பெரிய விபத்து கென்டக்கி, கிழக்கு டென்னசிப் பக்கத்து 'ஐ டோன்ட் கேர் டு'. செய்ய விருப்பமில்லை என்று நாம் எடுத்துக்கொள்வோம். அவர் சொல்வது 'எனக்கு ஆட்சேபம் இல்லை, செய்கிறேன்' என்று. நேர் எதிர்.

'மைட் குட்' என்று இரண்டு துணைவினைகள் சேர்ந்து வந்தால் 'ஒருவேளை முடியலாம்' என்று பொருள், உறுதிமொழி அல்ல. திட்ட அட்டவணையில் அதை 'முடியும்' என்று எழுதிவிடாதீர்கள். 'ஃபிக்சின் டு' என்றால் பழுது பார்ப்பது அல்ல, 'இதோ செய்யப்போகிறேன்'. 'மேஷ் த பட்டன்' என்றால் பொத்தானை அழுத்து. 'பகி' என்றால் கடையில் தள்ளும் வண்டி.

நேரம் சொல்வதில் கவனம் வேண்டும். வடகிழக்கில் 'குவார்ட்டர் ஆஃப் ஃபோர்' என்றால் 3:45. தெற்கிலும் இடைநிலத்திலும் அதையே 'குவார்ட்டர் டில் ஃபோர்' என்பார்கள். முதியவர் 'டின்னர்' என்றால் அது பகல் உணவாக இருக்கலாம். அவருக்கு இரவு உணவு 'சப்பர்'. 'ஈவ்னிங்' பிற்பகலிலேயே தொடங்கும் ஊர்களும் உண்டு. தெற்கு உணவகத்தில் 'டீ' கேட்டால் பனிக்கட்டி போட்ட, நிறையச் சர்க்கரை கரைத்த தேநீர் வரும். சர்க்கரை வேண்டாம் என்றால் 'அன்ஸ்வீட்', சூடாக வேண்டும் என்றால் 'ஹாட் டீ' என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

'ப்ளெஸ் யுவர் ஹார்ட்' எப்போதும் வசைதான் என்று இணையத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. துக்கம் சொன்னவரிடம் அது உண்மையான பரிவு. நம் ஊரில் 'பாவம்' என்று ஒருவரைப் பற்றிச் சொல்வதில் இரக்கமும் இருக்கலாம், இளக்காரமும் இருக்கலாம் அல்லவா, அதே நிலைதான்.

யாங்கி என்பவர் யார்? தெற்கத்தியர் என்பவர் யார்?

வெளிநாட்டாருக்கு அமெரிக்கர் எல்லோரும் யாங்கி. தெற்கத்தியருக்கு வடக்கத்தியர் மட்டும் யாங்கி. வடக்கத்தியருக்கு நியூ இங்கிலாந்துக்காரர் யாங்கி.

உள்நாட்டுப் போரின் தடம் பெயர்களிலேயே கிடக்கிறது. வடக்குப் படை போர்களுக்கு அருகிலுள்ள ஓடையின் பெயரை வைத்தது, தெற்குப் படை ஊரின் பெயரை வைத்தது. 1861 ஜூலையில் வர்ஜீனியாவில் நடந்த போர் வடக்குக்குப் 'புல் ரன்', தெற்குக்கு 'மனாசஸ்'. 1862 செப்டம்பரில் மேரிலாந்தில் நடந்தது 'ஆன்டீட்டம்', அல்லது 'ஷார்ப்ஸ்பர்க்'. எந்தப் பெயரை ஒருவர் சொல்கிறார் என்பது இன்றும் காதில் விழும்.

ஆனால் தெற்கு அடையாளத்தை, பிரிந்துபோன மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பின் கொடியோடு ஒன்றாக்குவது பெரும் பிழை. கறுப்பின அமெரிக்கரில் பாதிக்கு மேல் தெற்கில்தான் வாழ்கிறார்கள். அந்த மண்ணின் சமையல், இசை, தேவாலயப் பேச்சு, சொல்வளம் எல்லாவற்றிலும் அவர்கள் கை இருக்கிறது. கூட்டமைப்புச் சின்னத்தைத் தாங்கிய கொடியை மிசிசிப்பி மாநிலம் 2020இல் கைவிட்டது. யாரும் தெற்கத்தியர் அல்லாமல் போய்விடவில்லை.

உள்நாட்டுப் போருக்கு முன்பே தெற்கு உச்சரிப்பு இப்படித்தான் இருந்ததா?

இல்லை என்பதே ஆய்வுகள் காட்டும் விடை. கை பெய்லி முதலியோர் பழைய பதிவுகளையும் ஒலிப்பதிவுகளையும் வைத்துப் பார்த்ததில், 'பின்–பென்' கலப்பும் ஐகாரத் தேய்வும் பரவலானது போர் முடிந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியிலிருந்துதான். இருப்புப்பாதையும் பஞ்சாலைகளும் சிறு நகரங்களும் வந்து மக்கள் கலந்த காலம் அது. தோற்ற பகுதி என்ற உணர்வு ஊறிய காலமும் அதுவே. பழைய தோட்ட முதலாளிகளின் வீட்டுப் பேச்சு இருநூறு ஆண்டு மாறாமல் வந்தது என்பதும், மலைக்குள் ஷேக்ஸ்பியர் கால ஆங்கிலம் உறைந்திருக்கிறது என்பதும் கட்டுக்கதைகள்.

தெற்கு உச்சரிப்பை ஏன் ஏளனம் செய்கிறார்கள்?

மொழியியலாளர் டென்னிஸ் பிரெஸ்டன் சாதாரண மக்களிடம் வரைபடத்தைக் கொடுத்து, எங்கே 'சரியான' ஆங்கிலம் பேசுகிறார்கள், எங்கே 'இனிமையாக'ப் பேசுகிறார்கள் என்று மதிப்பெண் போடச் சொன்னார். மிச்சிகன்காரர்கள் சரியான பேச்சுக்குத் தங்களுக்கே முதல் இடம் தந்து தெற்கைக் கடைசியில் வைத்தார்கள். அலபாமாக்காரர்கள் இனிமைக்குத் தங்களை உயர்த்திக்கொண்டார்கள், சரியான பேச்சு என்பதில் தங்களையே தாழ்த்திக்கொண்டார்கள். மனத்தை உறுத்தும் முடிவு அது. மிச்சிகன்காரரின் 'கீயட்' அவருடைய காதுக்கே எட்டவில்லை, பக்கத்து வீட்டுக்காரரின் 'டாம்' மட்டும் எட்டுகிறது.

டென்னசியின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2014இல் தெற்கு உச்சரிப்பைக் குறைக்கும் வகுப்பு ஒன்றை அறிவித்தது. ஊழியர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் அது கைவிடப்பட்டது. 1964 குடிமை உரிமைகள் சட்டம், வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களாக இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு ஆகியவற்றைப் பட்டியலிடுகிறது. உள்நாட்டு வட்டாரம் அந்தப் பட்டியலில் இல்லை.

தெற்கு உச்சரிப்பு மறைந்துகொண்டிருக்கிறதா?

நகரங்களில், ஆம். ஜார்ஜியாவில் வெள்ளையரின் பேச்சை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வில், தெற்கு ஒலிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய தலைமுறையிடம் உச்சத்தில் இருந்து, 1965க்குப் பின் பிறந்தவர்களிடம் சரிந்தது தெரிந்தது. வட கரோலினாவின் ராலேயிலும் இதே கதை. அதன் அருகே 1959இல் ஆராய்ச்சிப் பூங்கா அமைந்து, வடக்கிலிருந்து பொறியாளர் குடும்பங்கள் வந்து, பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் பெற்றோர்போல அல்ல, வகுப்புத் தோழர்போலப் பேசுவார்கள். அங்கே வளரும் நம் குழந்தைகளுக்கும் இதுவே பொருந்தும்.

வடக்கும் தப்பவில்லை. ஏரிக்கரை நகரங்களின் 'கீயட்' இளைஞர்களிடம் பின்வாங்குகிறது. இன்று கூர்மையான பிளவு நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் இடையில்தான். அட்லாண்டா இளைஞரின் பேச்சு, நூறு மைல் தள்ளி உள்ள சிற்றூர்க்காரரின் பேச்சைவிட டென்வர் இளைஞரின் பேச்சுக்கு நெருக்கம்.

காதை நம்பாமல் பதிவு செய்து அளக்க முடியுமா?

முடியும், செலவும் இல்லை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான 'பிராட்' என்ற இலவச மென்பொருள் போதும். பேசுபவரின் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, மின்விசிறியும் குளிர்சாதனமும் நிறுத்திய அறையில், ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றே பக்கவாட்டில் வைத்துப் பதியுங்கள். நேர் எதிரே வைத்தால் 'ப்' ஒலியின் காற்று அடிக்கும். சுருக்கப்படாத வேவ் கோப்பாக, 44,100 ஹெர்ட்ஸில் சேமிக்க வேண்டும். வாட்ஸப் குரல் குறிப்பை அளக்காதீர்கள், சுருக்கும்போது ஒலி விவரம் சிதைந்திருக்கும்.

முதலில் பத்து நிமிடம் இயல்பாகப் பேசவிடுங்கள், சொற்பட்டியல் கடைசியில். பட்டியலை முதலில் நீட்டினால் அவர் பள்ளிக்கூட ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார், பிறகு இயல்பு திரும்ப நேரமாகும். பெரும்பாலான தொடக்கநிலைப் பதிவுகள் கெடுவது இந்த ஒன்றால்தான்.

மென்பொருளில் ஃபார்மன்ட் (உயிரொலியில் வலுத்து ஒலிக்கும் அதிர்வெண் பட்டை) உச்சவரம்பை ஆண் குரலுக்கு 5000, பெண் குரலுக்கு 5500 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 'டைம்' போன்ற சொல்லைவிட 'பை', 'ஃபைவ்' நல்லவை, ஏனெனில் மூக்கொலி பக்கத்தில் இருந்தால் அளவு குழம்பும். உயிரொலி நீளத்தில் 20 விழுக்காட்டுப் புள்ளியிலும் 80 விழுக்காட்டுப் புள்ளியிலும் முதல் இரண்டு ஃபார்மன்ட்களைக் குறியுங்கள். இரண்டாம் ஃபார்மன்ட் பல நூறு ஹெர்ட்ஸ் ஏறி, முதலாவது இறங்கியிருந்தால் அது 'ஐ'. இரண்டும் கிட்டத்தட்ட அசையாமல் நின்றால் 'ஆ'. ஒரு சொல்லை ஒருமுறை அளந்து முடிவு சொல்லாதீர்கள், குறைந்தது பத்துச் சொற்களாவது வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்புக் காப்பகம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான ஊர்க்காரர்கள் ஒரே 69 சொல் பத்தியைப் படித்திருக்கிறார்கள். அலபாமாவின் பர்மிங்ஹாம், பாஸ்டன், மில்வாக்கி மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

ஊர்ப்பெயர்களை எப்படிச் சொல்வது?

எழுத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள். ஜார்ஜியாவில் 'கெய்ரோ' என்று எழுதிய ஊர் 'கேரோ'. அதே மாநிலத்தின் ஹூஸ்டன் கவுண்டி 'ஹௌஸ்டன்', டெக்சாஸ் நகரம் மட்டும் 'ஹியூஸ்டன்'. கென்டக்கியின் வெர்சாய் 'வர்செயில்ஸ்', லூயிவில் 'லூவவல்'. மலைத்தொடரின் பெயரை வடக்கத்தியர் 'அப்பலேஷா' என்பார்கள். அந்த மலையின் தென்பகுதியில் பிறந்தவர்களுக்கு அது 'அப்பலாச்சா'. அங்கே போய் 'அப்பலேஷா' என்றால் வெளியூர்க்காரர் என்று முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும், சிலர் அதை அவமதிப்பாகவும் எடுத்துக்கொள்வார்கள். ஓர் ஊருக்குப் போகுமுன் அந்த ஊர் வானொலியின் வானிலை அறிக்கையைக் கேட்டுவிடுங்கள். சுற்றுவட்டாரப் பெயர்கள் எல்லாம் உள்ளூர் வாயால் வரிசையாக வரும்.